மூன்றாவது பாட்டில்

லிஃப்ட்காரருக்கு வயது நாற்பத்தேழு. நகரத்தில் முப்பத்தெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகளை அவர் பார்த்துக்கொண்டார். எது எந்த மாடியில் முனகும், எதன் கதவு ஈரக் காலத்தில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் பெற்ற பிள்ளைகளின் குணம் மாதிரி அவருக்கு அத்துப்படி. மொட்டை மாடி மோட்டார் அறைக்குள் நுழைந்தால், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். லிஃப்டுக்குக் கீழே இருக்கும் அடிக்குழியிலிருந்து கிரீஸ் கையோடு மேலே ஏறி, பையைத் தூக்கிக்கொண்டு காத்து நிற்கிறவர்களைப் பார்த்து, "இன்னும் பத்தே நிமிஷம்மா" என்பார். பத்தே நிமிடத்தில் முடித்தும் விடுவார். பொய் சொல்லாத மனுஷன் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் அவரும் இத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தார்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆள் வேறு. தொடையைக் கவ்விப் பிடிக்கும் கால்சட்டை, முதுகில் மூன்று பை வைத்த சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் சைக்கிள். மனைவி கதவைப் பாதி திறந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, யாரும் இல்ல, சட்டுனு ஏறிப் போயிடுங்க. இந்த உடுப்போட என் வீட்டு வாசல்ல நிக்காதீங்க" என்பாள். அவள் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறவள். அந்தக் கால்சட்டையின் கிழிசலைத் தைத்துக் கொடுக்கிறதும் அவள்தான், கேலி செய்கிறதும் அவள்தான்.

கூட வருகிறவர் பேக்கரிக்காரர். ஒன்றாம் வகுப்பிலிருந்தே கூட்டாளி. "நாளெல்லாம் ஊரையே மேல ஏத்திவிடுறான். லீவு நாள் வந்தா தான் ஏறப் போயிடுறான். இவன் தலையெழுத்தே ஏணிதான்" என்று அவர் சொல்லாத ஞாயிறு கிடையாது. இரண்டு பேரும் நகரத்துக்கு வெளியே இருக்கும் மலைப்பாதையில் ஏறுவார்கள். பதினெட்டு கிலோமீட்டர். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் பேசிச் சிரித்துக்கொண்டே இவர்களைத் தாண்டிப் போவார்கள். அதில் லிஃப்ட்காரருக்கு வருத்தமே இல்லை. ஏற முடிகிறதே, அதைக் கொடுத்தவனுக்கு நன்றி என்று மூச்சு வாங்கியபடியே மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

இந்தப் பைத்தியம் பிடித்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் கதவு உருளை உடைந்து, மாற்று உருளை வரும்வரை காத்திருந்தார். அந்த வீட்டுக்காரர் நல்ல மனுஷர். உள்ளே கூப்பிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தார். டிவியில் சைக்கிள் பந்தயம். நூற்றைம்பது பேர் ஒரே திரளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மட்டும் கூட்டத்தை விட்டுப் பின்னால் வந்தார். தன் அணியின் காரோடு ஒட்டி ஓட்டியபடியே பாட்டில் பாட்டிலாக வாங்கி, சட்டைக்குள் முன்னாலும் பின்னாலும் திணித்துக்கொண்டார். ஒன்பது பாட்டில். முன்னே பார்த்தால் கர்ப்பிணி, பின்னே பார்த்தால் கூனன். அந்தச் சுமையோடு திரளைப் பிளந்து முன்னுக்குப் போய், தன் ஆட்களுக்கு ஒவ்வொன்றாக நீட்டினார். ஒருவன் வாங்கினான். இன்னொருவன் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டான். உண்மையான மேடு வந்தபோது அவர் களைத்துப் பின்தங்கினார். அதற்கப்புறம் கேமரா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர் யாருங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"அவரா? தண்ணி கொண்டு போற ஆளு. ஜெயிக்கிறது வேற ஆளு. இவங்களுக்கெல்லாம் அதான் வேலை" என்றார் வீட்டுக்காரர்.

லிஃப்ட் ஓடும்போது யார் லிஃப்ட்காரனை நினைக்கிறார்கள்? இது நம்ம ஆள் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டாவதாக வந்த அந்த மனுஷரை அன்றிலிருந்து அவர் விடவில்லை. எந்தப் பந்தயமானாலும் முடிவுப் பட்டியலைக் கீழிருந்து மேலே படிப்பார். "என் தண்ணிக்காரர் தொண்ணூத்தாறாவது!" என்று மோட்டார் அறையிலிருந்து மகளுக்கு போன் செய்வார். "அப்பா, க்ளாஸ்ல இருக்கேன்" என்று அவள் வைத்துவிடுவாள்.

மகள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் வருடம். பந்தய விதிப் புத்தகத்தை அறுபத்துநாலு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தவள் அவள்தான். புரியாத இடத்தையெல்லாம் அவளிடமே கேட்டுக் கேட்டுப் படித்தார். சாமி புத்தகத்துக்கு அடுத்தபடி அந்த வீட்டில் பத்திரமாக இருந்த புத்தகம் அதுதான். டிவியில் எவனாவது பாதைக்குள் ஓடி வந்து வீரர்களின் கூடவே ஓடினால் லிஃப்ட்காரருக்குப் பொறுக்காது.

"வேடிக்கை பாக்க வந்தவன் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணும். இவன் போய் நிக்கிறது அவங்களுக்காகவா? நான் இருக்கேன், என்னைப் பாருன்னு காட்டத்தான்!"

"சரிங்க, டிவி உடைஞ்சிடப் போகுது" என்பாள் மனைவி.

இந்த வருடம் ஐந்து நாள் பந்தயம் ஒன்று அவர்கள் பக்கமே வந்தது. ஐந்தாம் நாள் முடிகிற இடம், இவர்கள் ஞாயிறுதோறும் ஏறும் அதே மலையின் உச்சி. அது போதாதென்று இன்னொரு அதிசயமும் நடந்தது. இரண்டாம் நாள் தண்ணிக்காரரின் அணித் தலைவன் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். தண்ணி கொடுக்க ஆள் இல்லாமல் போனதால், தண்ணிக்காரர் சும்மா முன்னால் ஓடிய சிலரோடு சேர்ந்துகொண்டார். பின்னால் வந்த பெரிய ஆட்கள் இவரை ஒரு பொருட்டாக நினைக்காமல் விட்டுவிட்டார்கள். அன்று மாலை மொத்த நேரத்தில் முதலிடம் அவருக்கு. முதலிடத்துக்கான ஆரஞ்சு சட்டையை அவருக்கு மாட்டியபோது அது தோளில் தொளதொளவென்று நின்றது. வயது முப்பத்தைந்து. பதினைந்து வருடத்தில் ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. இந்த வருடத்தோடு விடுகிறேன் என்று சொல்லியும் விட்டார். நான்காம் நாள் முடிவில் இரண்டாவது ஆளைவிட அவர் பதினாலு வினாடி முன்னால் இருந்தார். மலையில் அதைக் காப்பாற்றிவிட்டால் போதும்.

லிஃப்ட்காரர் சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. "உங்களுக்கா பந்தயம்?" என்று மனைவி கேட்டாள்.

ஞாயிறு காலை புறப்படும்போது அவள் சமையலறையில் நின்று பார்த்தாள். சைக்கிளில் பாட்டில் மாட்ட இரண்டே இடம். இரண்டும் நிறைந்திருந்தன. அவர் மூன்றாவதாக ஒன்றைக் கழுவி, குளிர்ப்பெட்டியிலிருந்து ஐஸ்கட்டியை உடைத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாவது யாருக்குங்க?"

"பேக்கரிக்காரனுக்கு. அவன் எப்பவும் கம்மியாத்தான் கொண்டு வருவான்."

அவள் தரையில் சிதறிய ஐஸ்துண்டுகளைத் துடைத்தாள். அவர் அதை முதுகுப் பையில் செருகிக்கொண்டு போனார்.

உச்சிக்கு நாலு கிலோமீட்டர் கீழே ஒரு வளைவு. பாதை அங்கே செங்குத்தாக நிமிர்வதால் எப்பேர்ப்பட்டவனும் வேகம் குறைவான். அங்கேதான் போய் நின்றார்கள். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் போனைக் காதில் வைத்து வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், உன் ஆளு பண்ணியிருக்கிற வேலையைக் கேளு. கீழ கடைசியா வாங்கின பாட்டிலைப் பக்கத்துல வந்த தன் அணிப் பையனுக்குக் குடுத்துட்டாராம். முன்னணியில இருக்கிறவரு! பதினஞ்சு வருஷப் பழக்கம் போகல பாரு."

"அப்ப அவருக்குத் தண்ணி?"

"இல்ல. இனிமே யாரும் குடுக்கவும் முடியாதே. நீதானே சொல்லுவே, கடைசிப் பத்துக் கிலோமீட்டர்னு."

ஆம், இவர்தான் சொல்லுவார். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. வாங்கினால், வாங்கியவருக்கு இருபது வினாடி தண்டனை. அந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரே தாகம் இருக்கட்டும் என்பதுதான் அதன் நியாயம். விதிப் புத்தகத்தில் இருபத்தேழாம் பக்கம். பேக்கரியில் ரொட்டி வாங்க வருகிறவர்களுக்குக்கூட இவர் அதை விளக்கியிருக்கிறார்.

முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பிறகு மூன்று பேர் போனார்கள். பிறகு ஆரஞ்சு சட்டை. உதட்டில் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. சைக்கிளில் பாட்டில் மாட்டும் இரண்டு வளையமும் காலி. பதினோரு வருடமாகக் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவில் பார்த்த முகம், இரண்டு முழ தூரத்தில் வந்தது.

லிஃப்ட்காரர் ஓடினார். முதுகிலிருந்து பாட்டிலை உருவி, கூடவே ஓடி, அந்தக் கைக்கு நேராக நீட்டினார். தண்ணிக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணும் கண்ணும் நேராகச் சந்தித்தன. கைப்பிடியிலிருந்து ஒரு கை எழுந்தது. விரல்கள் விரிந்தன, பாட்டிலின்மேல் மூடின.

பின்னால் வந்த நடுவரின் மோட்டார் சைக்கிளிலிருந்து விசில் ஒலித்தது. தண்ணிக்காரர் கையில் இருப்பதைக் குனிந்து பார்த்தார். சுட்டதுபோல அதை ஓரமாக வீசினார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. பாட்டில் சாய்வில் உருண்டு லிஃப்ட்காரரின் காலடிக்கே திரும்பி வந்தது. உள்ளே ஐஸ்கட்டி இன்னும் கரையாமல் கடகடவென்றது.

உச்சியில் தண்ணிக்காரர் மொத்த நேரத்தில் ஒன்பது வினாடி முன்னால் முடித்தார். அதில் தண்டனை இருபதைக் கழித்தார்கள். பதினோரு வினாடியில் தோற்றார். போன் வர்ணனையில் அதைச் சொன்னபோது பேக்கரிக்காரர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"யோவ்... நீயா இதைப் பண்ணினே? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன்?" என்றவர், நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி விடு. அந்த வாயைப் பாத்தா எனக்கே ஏதோ ஆச்சு. மனசு இளகி ஓடிட்டே. யாரா இருந்தாலும் ஓடியிருப்பான்."

லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். மனசு இளகித்தான் ஓடினேன் என்று அந்தத் தலையாட்டல் சொன்னது. அதுவும் பொய். அவர் உச்சிக்குப் போகவில்லை. வந்த வழியே இறங்கி வீட்டுக்குப் போய், பின்கட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அழுக்கே இல்லாத செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒன்று தெரியும். முப்பத்தொன்றாம் பக்கம். பார்வையாளர் ஒருவர் வலுக்கட்டாயமாகக் கையில் திணித்தார் என்று அந்தப் பார்வையாளரே பந்தயக் குழுவின் அலுவலகத்துக்கு நேரில் வந்து சொன்னால், தண்டனையை நீக்கலாம். பத்து நாள் அவகாசம். அதற்கப்புறம் முடிவு முடிவுதான். பேக்கரிக்காரருக்கு இது தெரியாது. மனைவிக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை. போனால் எத்தனையோ கேள்வி கேட்பார்கள். மூன்றாவது பாட்டில் எதற்கு என்றும் கேட்பார்கள் அல்லவா?

மறுநாள் நாளிதழில் படம் வந்துவிட்டது. இரண்டு கைகள், நடுவில் பாட்டில், பின்னால் ஆரஞ்சு சட்டை, லிஃப்ட்காரரின் வேர்த்த முகம். 'தாகம் அறிந்த கை' என்று தலைப்பு வேறு. தண்டனை விஷயம் விளையாட்டுப் பக்கத்தில் மூலையில் நாலு வரி. அதை யார் படிக்கிறார்கள்? எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் அந்தப் படத்தை வெட்டி, லிஃப்டுக்குள்ளேயே, எத்தனை பேர் ஏறலாம் என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். அவர் அங்கே கதவுப் பட்டையை மாற்றப் போனால், தன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் திருகாணியைத் திருக வேண்டியிருந்தது.

"இந்தக் காலத்துல யாருப்பா அடுத்தவங்க தாகத்தைப் பாக்குறா?" என்றார் நாலாம் மாடி அம்மாள். "உன்னை மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்."

"இல்லம்மா, அது வந்து..." என்று இவர் ஆரம்பிப்பதற்குள் அவர் மாடி வந்துவிடும். இறங்கிவிடுவார்.

பாருங்கள், ஒருவர் நம்மைத் திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். செய்த தப்புக்குப் புகழ்ந்தால் எங்கே போய் ஒளிவது? காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்றால் லிஃப்ட்காரருக்கு வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் விரல்கள் விரிந்து மூடுவதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள், நாலாம் நாள் என்று எண்ணிக்கொண்டே வேலைக்குப் போனார். ஆறாம் நாள் ஓர் அடிக்குழியில் இறங்கி, வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அங்கே மட்டும்தான் யாரும் பாராட்டவில்லை.

எட்டாம் நாள் மாலை மகள் குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா! உங்க படத்தை எங்க காலேஜ் பலகையில போட்டேன்ல, எங்க முதல்வர் மேடம் பாத்துட்டாங்க. புதன்கிழமை முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு நீங்க வந்து பேசணுமாம். இரக்கத்தைப் பத்தி!"

"நானா? எனக்கு என்னம்மா பேசத் தெரியும்? அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன்."

"அதனாலதாம்பா. படிச்சவங்க பேசுனா எல்லாரும் தூங்கிடுறோம்."

தையல் எந்திரத்தின் முன்னால் இருந்த மனைவி தலை தூக்கி அவரைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் மிதித்தாள்.

ஒன்பதாம் நாள் அவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பந்தயக் குழுவின் அலுவலகத்துக்குப் போனார். ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேறு கம்பெனியினுடையது. வாசலில் நின்று கேட்டபோதே, எதிர் எடைத் தண்டவாளத்தில் எண்ணெய் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் ஒரு கண்ணாடியும் இருந்தது. அதனால் படியேறிப் போனார். ஒவ்வொரு படியிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். 'நான்தான் திணிச்சேன். அவர் வேண்டாம்னாரு. நான்தான் திணிச்சேன்.' ஒரு நல்ல மனுஷருக்காக ஒரு பொய். கடவுள் இதைக் கணக்கில் வைக்க மாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தலைமை நடுவர் ஓர் அம்மாள். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. லிஃப்ட்காரரைப் பார்த்ததும் மேசையில் கிடந்த நாளிதழ்ப் படத்தை ஒரு தரம் பார்த்து, "உக்காருங்க. நீங்கதானே?" என்றார்.

"ஆமாம்மா. முப்பத்தொண்ணாம் பக்கத்துல போட்டிருக்கிறபடி சொல்ல வந்தேன்."

"பக்கமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே" என்றவர் பேனாவைத் திறந்தார். "அவர் கேட்டாரா?"

"இல்லம்மா."

"கையில வலுக்கட்டாயமாத் திணிச்சீங்களா?"

"ஆமாம்மா. அவர் வேண்டாம்னுதான் இருந்தாரு. நான்தான் திணிச்சேன்."

அந்த அம்மாள் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். மேசையில் இருந்த கணினியை மெதுவாக அவர் பக்கம் திருப்பினார். நடுவரின் மோட்டார் சைக்கிளில் இருந்த கேமரா எடுத்த படம். லிஃப்ட்காரர் ஓடுகிறார். பாட்டிலை நீட்டுகிறார். அந்தக் கை தானாக எழுகிறது. விரல்கள் விரிகின்றன.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"வேண்டாம்மா."

பொய் சொல்லாத மனுஷன் என்ற பெயர் அந்த நாற்காலியிலேயே உதிர்ந்துவிட்டது. கிரீஸ் போகாத நகங்களை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"அவர் நன்மைக்குத்தான் சொல்றீங்கன்னு புரியுது. ஆனா அவரே அன்னைக்குச் சாயந்திரம் இங்க வந்துட்டாரு" என்று அந்த அம்மாள் ஒரு கோப்பைப் பிரித்தார். "அவங்க அணி மேல்முறையீடு பண்ணணும்னு நின்னாங்க. இவர் முடியாதுன்னுட்டாரு. எழுதிக் குடுத்திருக்கிறதைப் படிக்கிறேன், கேளுங்க. 'நான் பதினைந்து வருடம் பாட்டில் நீட்டியவன். நீட்டிய கையிலிருந்து ஒருவன் வாங்காமல் தாண்டிப் போனால் அந்தக் கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கியது என் விரல். தப்பு என்னுடையது. அந்த ஆளைத் தேட வேண்டாம்.'"

லிஃப்ட்காரருக்கு அங்கேயே தரை பிளந்து அடிக்குழி ஒன்று வந்திருந்தால் இறங்கியிருப்பார். தன்னுடைய எந்தப் பெயரைக் காப்பாற்ற ஒன்பது நாள் பதுங்கினாரோ, அந்தப் பெயரை அந்த மனுஷர் முதல் நாளே காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார். தன் ஒரே வெற்றியை விட்டுக்கொடுத்து.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "தாகத்தைப் பாத்து நான் ஓடல. காலையிலயே மூணாவதா ஒரு பாட்டில் நிரப்பி எடுத்துட்டுப் போனேன். அவருக்குன்னுதான். சட்டம் தெரிஞ்சுதான். வளைவுல வேகம் குறையும்னு தெரிஞ்சுதான் அங்க போய் நின்னேன். ஒரு தடவை அவர் என் கையால வாங்கணும், என்னைப் பாக்கணும். அவ்வளவுதான் என் ஆசை. அவர் தண்ணியில்லாம வந்ததை நான் சாக்கா வச்சுக்கிட்டேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இதை எழுதினாலும் முடிவு மாறாது. தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்கம்மா. எனக்கு உள்ள தண்டனையையும் எழுதுங்க. நாப்பத்தொண்ணாம் பக்கம். இடைஞ்சல் பண்ணின பார்வையாளர் அடுத்த வருஷம் பாதைப் பக்கம் வரக் கூடாது."

"பத்தொன்பது வருஷமா நடுவரா இருக்கேன். அதைக் கேட்டு வாங்கினவங்க யாருமில்ல" என்று அவர் லேசாகச் சிரித்தார். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. மகள் வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி ஓரத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்றே சொல்லி முடித்தார். இருபது வினாடி, பத்து நாள், கணினியில் பார்த்த விரல், தண்ணிக்காரரின் எழுத்து எல்லாம். மூன்றாவது பாட்டிலைச் சொல்லும்போது மனைவியைப் பார்க்க முடியவில்லை.

"பேக்கரிக்காரர் அன்னைக்கே வாசல்ல நின்னு, தான் கொண்டு போன ரெண்டு பாட்டில் தண்ணியும் மிச்சம்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள் மனைவி, நூலைக் கடித்து அறுத்தபடி. "நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"நான் காலேஜ் முழுக்கச் சொல்லிட்டேனேப்பா. எங்கப்பா எங்கப்பான்னு."

"தெரியும்மா."

"ஆறு நாளா எல்லாரும் என்கிட்ட வந்து உங்களைப் பத்திப் பேசுறாங்க. நான் எவ்வளவு..." சீருடைக் காலரை விரலால் நீவினாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள். "அவர் உங்களைப் பாத்தாரா?"

"பாத்தாரும்மா."

"நேரா?"

"நேராத்தான்."

"அதுக்குத்தானே ஓடுனீங்க."

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அந்தக் கண் அவர் கண்ணைப் பார்த்தது. அதற்கு ஒரு மனுஷர் பதினைந்து வருடத்தைக் கொடுத்திருக்கிறார்.

"மேடம்கிட்ட நீங்க வரலன்னு சொல்லிடட்டுமா?" என்றாள் மகள்.

"வேண்டாம். வரேன்னே சொல்லு."

புதன்கிழமை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். நீள அறை, வெள்ளை உடுப்பில் நாற்பது பெண்கள், சுவரில் அவர் படம். முதல்வர் அம்மாள் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளைங்களா, இந்தப் படத்துல இருக்கிறது இரக்கம் இல்ல" என்று ஆரம்பித்தார். "நான் அன்னைக்குக் காலையில வீட்டுல என்ன பண்ணினேன்கிறதுல இருந்து சொல்றேன்."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுதிக்கொள்ள எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். முதல்வர் அம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. லிஃப்ட்காரருக்குக் காது மடல் வரை கொதித்தது. நாக்கு ஒட்டியது. மேசைமேல் அவருக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதைத் தொடாமல் பேசினார்.

பாதி பேசும்போது ஒரு தரம் கடைசி வரிசையைப் பார்த்தார். மகள் இன்னும் குனிந்தேதான் இருந்தாள். அவர் நிறுத்தவில்லை.